தல்லாகுளத்துப் படுதாவும் ஒரு சாண் வெயிலும்

“இந்த நுனியச் செவுத்தோட சேத்துப் பிடிம்மா” என்று அளவு டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார் கட்டட இன்ஸ்பெக்டர். நாங்கள் கட்டிய படுதாவில் குற்றம் கண்டுபிடிக்க என்னையே ஆளாக்கிக்கொண்டார் மனிதர். நானும் மரியாதையாகப் பிடித்துக்கொண்டேன்.

எழுபதுகளில் ஏதோ ஒரு கோடை. மதுரைத் தல்லாகுளத்தில் கோர்ட்டுக்கும் ஆபீஸ்களுக்கும் போகிற பாதையில் ஒரு பேப்பர் கடை. அதன் முன்னால் எங்கள் பச்சைப் படுதா. கட்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உச்சி வெயிலில் அதிலிருந்து லேசாக மெழுகு வாசனை வந்துகொண்டிருந்தது. இந்த வாசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை.

டேப்பின் மறுமுனையைப் படுதாவின் முன்குழாயில் வைக்க இன்ஸ்பெக்டர் எம்பினார். எட்டவில்லை. இன்னொரு தரம் எம்பினார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், அடியில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் ராஜேஸ்வரியின் ஸ்டூலை வாங்கிப் போட்டு ஏறினார். மனு கொடுக்க வந்த கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

“சாக்கடை வாறுகாலத் தாண்டி ஒரு சாண் வெளிய நிக்குது” என்று ஸ்டூலின் மேல் நின்றே தீர்ப்புச் சொன்னார்.

நான்கு விதிகள்

போன வாரம் லாரிப் படுதாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “துணியைத் தைத்து வளையம் அடிப்பதில் எழுத என்ன இருக்கிறது?” என்று ஒருவர் கேட்டிருந்தார். துணியில் ஒன்றும் இல்லை ஐயா. துணியை நாலு பேர் பார்க்கும்படி தெருவில் கட்டுகிறோம் பாருங்கள், அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் படுதாக் கடை பழைய ஊருக்குள், ஆற்றுக்குத் தெற்கே. வீட்டுக்காரர் லாரி செட்டுகளில் ஆர்டர் பிடிக்க அலைவார். துணி வெட்டுவது நூர் அண்ணன். கணக்கு, பேச்சு, சண்டை மூன்றும் என் இலாகா. கடைக்கு வருகிறவர்கள் கேட்காத கேள்வி கிடையாது. எலி கடிக்குமா? மடித்து வைத்தால் நாறுமா? வெயிலில் மெழுகு உருகிச் சர்க்கரை மூட்டையில் ஒட்டுமா? ஒரு டூரிங் டாக்கீஸ்காரர், பக்கப் படுதா தீப்பிடிக்காது என்று என்னைச் சத்தியம் செய்யச் சொன்னார். “உங்க ஆளுங்க பீடிய வெளிய போயி குடிச்சா பிடிக்காது” என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

கடைமுன் படுதாவுக்கு மட்டும் நான்கு விதிகள் உண்டு. தரையில் கால் ஊன்றக் கூடாது. வேண்டும்போது மடக்க வர வேண்டும். சாக்கடை ஓடுகிற வாறுகாலின் வெளி விளிம்பைத் தாண்டக் கூடாது. அடியில் ஆள் குனியாமல் போய்வர வேண்டும்.

முதல் இரண்டுக்கும் எங்களிடம் ஏற்பாடு இருந்தது. சுவரில் கீல் வைத்து இரண்டு இரும்புக் கைகள். கை என்றால் குழாய்க்குள் குழாய். வரிசையாக ஓட்டை போட்டிருக்கும். ஆணியை எந்த ஓட்டையில் செருகுகிறோமோ அந்த அளவுக்குக் கை நீளும், குறுகும். கைகளின் நுனியில் குறுக்கே ஒரு குழாய், அதில் துணியின் முன்விளிம்பு. பின்விளிம்பு மேலே சுவரில். கயிற்றை இழுத்தால் எல்லாம் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது விதியைத்தான் இன்ஸ்பெக்டர் ஸ்டூல் போட்டு அளந்தார். நான்காவதுக்கு அவர் டேப்பையே எடுப்பதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடியில் ஒரு நடை நடப்பார். தலையில் தட்டாவிட்டால் பாஸ். சின்னக் கடை, பெரிய கடை, சினிமாக் கொட்டகை வாசல், எல்லாவற்றுக்கும் அவர் தலைதான் அளவுகோல். அன்றைக்கும் நடந்து பார்த்து, “உயரம் சரியா இருக்கு” என்று தாராளமாகச் சொன்னார். எங்கள் படுதா அவர் தலைக்கு மேல் இன்னும் மூன்று தலை வைக்கிற உயரத்தில் இருந்தது.

அந்தரத்தில் நின்ற கல்யாணப் பந்தல்

ஒரு சாண் ஏன் வெளியே நின்றது என்று சொல்ல, எழுமலைக்குப் போய் வர வேண்டும். அது என் பிறந்த ஊர்.

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பெருமையைக் காட்ட, பந்தலுக்குப் புத்தம்புதுக் கித்தான் கொண்டுவந்து இறக்கினார்கள். கீற்றுப் பந்தலே பார்த்த ஊர் அது. வெள்ளைவெளேரென்று கித்தானைக் கண்டதும் எங்கள் பெரியப்பா மீசையை நாலு தரம் தடவிக்கொண்டார். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு மழை பெய்தது. புதுத்துணி முதல் தண்ணீரைக் குடித்ததும் சுருங்கியது. முறுக்கிக் கட்டிய கயிறு விட்டுக்கொடுக்கவில்லை. முன்வரிசை மூங்கில் கால்கள் குழியைவிட்டுக் கிளம்பி, தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கின.

“என்ன மாப்ள, உங்க பந்தலு ஊர விட்டே கெளம்புது?” என்று என் சித்தப்பா மாப்பிள்ளையைக் கேட்டார். என் வீட்டுக்காரர் முகத்தை நான் முதன்முதலில் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். பாவமாக இருந்தது.

கித்தான் மழையில் சுருங்கும் என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். கடைக்கு வந்த பிறகு, நூர் அண்ணன் எந்தத் துணியை வெட்டினாலும் ஒரு சாண் கூட்டி வெட்டுவதைப் பார்த்தேன். “தண்ணிக்கு விடுறது தங்கச்சி” என்பார். முதல் மழையில் அந்த ஒரு சாணும் போய்விடும், படுதா தன் அளவுக்கு வந்து நிற்கும்.

இதைத்தான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். “ஒரு மழை பேயட்டும் சார், தானா உள்ள போயிரும்.”

“சட்டம் இன்னைக்கு எம்புட்டு நிக்குதுன்னுதாம்மா பாக்கும். நாளைக்குச் சுருங்குமா விரியுமான்னு பாத்துக்கிட்டு இருக்காது” என்றார். “அகற்றச் சொல்லி நோட்டீஸ் வரும். அதுவரைக்கும் மடக்கி வைங்க.”

பேப்பர் கடைக்காரர் பயந்த சுபாவம். “நோட்டீஸ்னு ஒண்ணு வந்துச்சுன்னா படுதாவும் வேணாம், டைப்பும் வேணாம். ரெண்டையும் எடுத்துருங்க” என்று கும்பிட்டார்.

ராஜேஸ்வரி டைப்ரைட்டரில் மாட்டியிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் டைப்பில் ஹையர் பாஸ் செய்தவள். ஆபீஸ் வேலைக்கு எழுதிப்போட்டு அலுத்து, பழைய தமிழ் மிஷின் ஒன்றைத் தேடிப் பிடித்து இங்கே வந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஒரே பேச்சு. இடம் நிலைத்தால் சரி, இல்லாவிட்டால் மிஷினை விற்றுவிட்டு அவர்கள் பார்த்திருக்கிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். “மாப்ள மேல ஒரு கொறையும் இல்லக்கா” என்றாள் என்னிடம். “மிஷின் வைக்க அவுக வீட்டுல எடம் இல்லையாம்.”

கடையோ மேற்குப் பார்த்த கடை. படுதா இல்லாவிட்டால் மத்தியானத்துக்கு மேல் ஒரு மனிதப்பிறவி அங்கே உட்கார முடியாது. ஒரு சாணை வெட்டினாலும் மூன்று மணி வெயில் நேராக அவள் விரல் மேல்தான் விழும்.

நோட்டீஸ் அடிக்க வந்தவர்

இரண்டொரு நாளில் நான் அவளைப் பார்க்கப் போனபோது, இன்ஸ்பெக்டர் கையில் ஒரு தாளோடு அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆபீஸ் டைப்பிஸ்ட் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். நோட்டீஸை வெளியே அடித்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். சுற்று வட்டாரத்தில் தமிழ் மிஷின் இவளிடம்தான் இருந்தது.

ஆமாம். அவள் தலைக்கு மேல் இருக்கிற படுதாவை எடுக்கச் சொல்லும் நோட்டீஸை அவளே அடிக்க வேண்டும்.

படுதா உத்தரவுப்படி மடக்கியிருந்தது. மணி மூன்றிருக்கும். மிஷின் தொட்டால் சுட்டது. ராஜேஸ்வரி பக்கத்தில் ஒரு ஈரத்துணி வைத்து, விரலை ஒற்றி ஒற்றி அடித்துக்கொண்டிருந்தாள். கார்பன் தாள் காய்ந்த வெற்றிலை மாதிரி சுருண்டது. அதை நீவி நீவி வைத்தாள். அவள் இவ்வளவு மெதுவாக அடித்து நான் பார்த்ததில்லை.

“சார், ‘அகற்றவும்’னு போடவா, ‘அகற்றப்பட வேண்டும்’னு போடவா?”

“எதையாவது போடும்மா.”

“அப்படிச் சொல்லாதீங்க சார், சட்டம் பாருங்க.”

இன்ஸ்பெக்டரின் சட்டைக் காலர் நனைந்து முதுகு வரைக்கும் இறங்கிவிட்டது. குனிந்து பார்த்தபோது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை தாளின் மேல் விழுந்தது. ராஜேஸ்வரி பதறிப்போய்த் தாளை உருவினாள். “ஐயையோ, ஆபீஸ் காயிதமாச்சே. முதல்லேருந்து அடிச்சுத் தாரேன் சார்” என்று புதுத் தாள் மாட்டினாள்.

அவர் வலது பக்கம் நகர்ந்தார், வெயில். இடது பக்கம் நகர்ந்தார், வெயில். கடைசியில் என்னைப் பார்த்தார். “அந்தப் படுதாவக் கொஞ்சம் எறக்கி விடச் சொல்லுங்களேன்.”

“மடக்கி வைக்கச் சொல்லி உத்தரவு சார்” என்றேன், கையைக் கட்டிக்கொண்டு.

“நான் போட்ட உத்தரவுதானே? நானே சொல்றேன். எறக்குங்க!”

மனு எழுத வந்து வரிசையில் நின்ற எழுமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், “ஐயாவே சொல்லிட்டாருல்ல, எறக்குங்கப்பா” என்று சத்தம் கொடுத்தார். கூட்டம் சிரித்தது. கயிற்றைத் தளர்த்தினோம். படுதா விரிந்தது. நிழல் விழுந்ததும் இன்ஸ்பெக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, பெரிதாக மூச்சு விட்டார். அந்த நேரத்தில் அவர் எனக்கு ஒரு நல்ல மனிதராகத் தெரிந்தார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாதி அடித்த நோட்டீஸை மிஷினிலிருந்து எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “மொத மழை வரைக்கும் பொறுக்கிறேன். நீ சொன்ன மாதிரி சுருங்குச்சுன்னா சரி. சுருங்கலேன்னா இந்தப் பொண்ணு மீதியையும் அடிச்சுத் தந்துரணும்.”

ராஜேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “கட்டாயம் சுருங்குமாக்கா?”

“எங் கல்யாணப் பந்தலே சுருங்குச்சு, இது சுருங்காதா?” என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

சமயநல்லூரில் பெய்யட்டும்

கடைக்கு வந்து நடந்ததை ஒரு நாடகமாகவே நடித்துக் காட்டினேன். நூர் அண்ணன் சிரிக்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“தங்கச்சி, தல்லாகுளத்துக்கு எந்தக் கட்டுலருந்து வெட்டுனோம்னு ஞாபகம் இருக்கா?”

“எந்தக் கட்டு?”

“லாரிக்குன்னு வந்துச்சே, மெழுகு போட்ட கட்டு. பச்சை அதுலதான இருந்துச்சு.”

எனக்குத் தலை சுற்றியது. மெழுகு போட்ட துணி, தொட்டியில் முங்கிக் காய்ந்து வந்த துணி. சுருங்க வேண்டியதெல்லாம் அங்கேயே சுருங்கி முடிந்திருக்கும். இனி அதன் மேல் வைகையையே திருப்பிவிட்டாலும் ஒரு விரல்கூட உள்ளே போகாது. அதற்கும் தண்ணிக்கு ஒரு சாண் விட்டு வெட்டியிருக்கிறார் அண்ணன், கைப்பழக்கம். வெயிலில் மெழுகு மூக்கில் ஏறியும் எனக்கு உறைக்கவில்லை, வாய்ப்பழக்கம்.

“கையை ஒரு ஓட்டை உள்ள தள்ளுனா வாறுகால் தகராறு தீந்துரும்” என்றார் அண்ணன்.

“தீரும். ஆனா துணி நீளம் அம்புட்டுதான? வெளிய போறதுக்குப் பதிலா கீழ தொங்கும். தலையில இடிக்கும். ஒரு விதியில தப்பிச்சு அடுத்ததுல மாட்டவா?”

அந்த வருஷம் மழை இல்லாமல் ஊரே தவித்துக்கொண்டிருந்தது. குழாயடியில் குடம் வரிசையில் நின்றது. கோயிலில், பள்ளிவாசலில் எல்லாம் மழை வேண்டிப் பிரார்த்தனை. மதுரையிலேயே மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். நூர் அண்ணனையும் கூட்டுச் சேர்க்கப் பார்த்தேன்.

“அல்லா! மழை வேணாம்னு துஆ கேக்கச் சொல்றியா? பாவம் தங்கச்சி” என்று காதைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வேணும்னா சமயநல்லூர்ல பேயட்டும்னு கேக்கிறேன். இந்தப் பக்கம் வராம நிப்பாட்டிக்கச் சொல்லுவோம்” என்றார்.

மேகம் திரளும்போதெல்லாம் மற்றவர்கள் வானத்தைப் பார்த்துக் கும்பிட, நான் வானத்தை முறைத்தேன். ஒரு கட்டத்தில் பொறுக்க முடியவில்லை. பஸ் ஏறித் தல்லாகுளம் போய் ராஜேஸ்வரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். துணி சுருங்காது, கையைக் குறுக்கினால் தலையில் இடிக்கும், எங்களால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை என்று.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“யாரு தலையிலக்கா இடிக்கும்?”

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பேப்பர் கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்குச் சொல்லவில்லை. பயந்த சுபாவம்.

தலை தட்டாத மனிதர்

மழை ஒரு பிற்பகலில் வந்தது. சமயநல்லூரில் நிற்கவில்லை. புழுதி வாசனை கிளம்பிய உடனேயே நானும் நூர் அண்ணனும் ஸ்பேனரோடு ரிக்‌ஷா ஏறிவிட்டோம். பாலத்தைத் தாண்டுவதற்குள் இருவரும் தொப்பலாகிவிட்டோம். ஆற்றைப் பார்த்தபடி அண்ணன் மட்டும் “அல்ஹம்துலில்லாஹ்” என்று நன்றி சொல்லிக்கொண்டே வந்தார்.

போய்ச் சேர்ந்தால், வேலை முடிந்திருந்தது. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் மழையைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்த நேரத்தில், ராஜேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு இரும்புக் கையிலும் ஆணியைப் பிடுங்கி உள் ஓட்டையில் செருகியிருக்கிறாள். விரலில் ரத்தம் கசிந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்தார். நோட்டீஸ் அடித்த அன்றைக்குச் சிரித்த கூட்டமும் எங்கிருந்தோ வந்துவிட்டது. அவர் சொல்லாமலே நான் டேப்பின் நுனியை வாங்கிச் சுவரில் பிடித்தேன். அவர் ஸ்டூலைத் தேடினார். ராஜேஸ்வரி அதன் மேல் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. அவர் கையை உயர்த்தினார். முன்குழாய் கையில் அகப்பட்டது.

வாறுகாலுக்கு உள்ளே நான்கு விரல்.

“பாத்தீங்களா?” என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. “அன்னைக்கு எனக்கு எட்டல. இன்னைக்கு எட்டுது. எம்புட்டுச் சுருங்கியிருக்கு பாருங்க! கித்தான்னா அப்படித்தான், மொத மழையில சுருங்கும்.”

துணி சுருங்கினால் முன்குழாய் மேலே போக வேண்டும், கீழே வரக் கூடாது. எழுமலைப் பந்தல் காலே மேலேதான் போனது. நூர் அண்ணன் பாக்கைக் கடிப்பது போலப் பல்லைக் கடித்துக்கொண்டு தெருவின் மறுபக்கம் பார்த்தார்.

அடுத்தது உயரம். இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். ராஜேஸ்வரி டைப் அடிப்பதை நிறுத்தினாள். அவர் படுதாவுக்கு அடியில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்தார், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் நடந்தார். தலைக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு வெற்றிலை போகலாம்.

“உயரமும் சரியா இருக்கு” என்றார். பையிலிருந்து பாதி நோட்டீஸை எடுத்துக் கிழித்து வாறுகாலில் போட்டார். ராஜேஸ்வரி மறுபடி அடிக்கத் தொடங்கினாள். அன்றைக்கு அவள் விரல் போன வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அந்தக் கடை முன்னால் மனு எழுத வந்தவர்கள் எல்லாரும் குனிந்துதான் வந்தார்கள். அரசாங்க ஆபீஸ் பக்கம் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. தாழ இறங்கிய படுதா மேற்கு வெயிலை முன்னைவிட நன்றாகத் தடுத்தது. ராஜேஸ்வரி இரண்டாவது மிஷின் போட்டாள். பிறகு கல்யாணமும் ஆயிற்று, வேறு மாப்பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்றே, மிஷின் வைக்க வீட்டில் எந்த மூலை தோதாக இருக்கும் என்று கேட்டவராம்.

சில வருஷம் கழித்து இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் நல்ல உயரம். முதல் நாள் அந்தப் பக்கமாக நடந்து வந்தவர், எங்கள் முன்குழாயில் ‘டங்’கென்று நெற்றியை இடித்துக்கொண்டார்.

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, “யாரு இத இம்புட்டுத் தாழக் கட்ட விட்டது?” என்று கத்தினார்.

ராஜேஸ்வரி விரலை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

“முன்னாடி இருந்த இன்ஸ்பெக்டர் தலை நிமிந்து நடந்து பாத்து பாஸ் பண்ணுனது சார்” என்றாள்.